ஏடு என்று அவர் சொன்னார்

எங்கள் பாஸ்டர் ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். அந்தப் புத்தி கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. வடமாலபேட்டை மெயின் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை கூடியது. அங்கே யார் வந்து தீர்க்கதரிசனம் சொன்னாலும் அதை ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கச் சொல்வார். ஐந்து கட்டங்கள். சொன்னவர், சொன்ன நாள், சொன்ன வார்த்தை, நடக்க வேண்டிய காலம், நடந்தது.

“காலி வண்டிய ஒரு தபா எடை போடணும், லோடு ஏத்தி ஒரு தபா போடணும். ரெண்டும் போடாம இத்தினி டன்னுன்னு சொல்றவன் பொய்யன். தீர்க்கதரிசனத்துக்கும் அதான்டா. சொன்ன அன்னிக்கு ஒரு எடை, நடந்த அன்னிக்கு ஒரு எடை.”

எழுதுகிற வேலை என்னுடையது. நோட்டில் முக்கால்வாசியும் ஒரே விஷயம்தான்: தேசத்தின் எழுப்புதல். நாடு முழுக்க ஜனங்கள் மனம் திரும்புவார்கள், தூங்குகிற சபைகள் விழித்துக்கொள்ளும் என்று வருகிற பேச்சாளர்கள் எல்லோரும் சொன்னார்கள். தெலுங்குக்காரர்கள் அதை உஜ்ஜீவம் என்பார்கள். ஒருவர் மாங்காய் சீசன் முடிவதற்குள் என்றார். மாங்காய் முடிந்து கொட்டையும் காய்ந்துவிட்டது. ஒரு அம்மா பனிக்காலத்தில் சித்தூரிலிருந்து அக்கினி புறப்படும் என்றார். அந்தப் பனிக்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் இருமல்தான் வந்தது. மற்றவர்கள் யாரும் காலமே சொல்லவில்லை. சீக்கிரம், விரைவில், இதோ வாசற்படியில் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய நான்காவது கட்டம் காலியாகவே கிடந்தது. பாஸ்டர் அந்தக் காலிக் கட்டங்களை விரலால் தட்டுவார். “தேதி போடாத கல்யாணப் பத்திரிகை. யாரு போறது இதுக்கு?”

அதனால் எனக்கு ஒரு பசி வந்துவிட்டது. ஒரு கணக்கு, ஒரு தேதி, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு எண் கிடைக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டே மேடையில் நிற்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அந்தப் பசிதான் காரணம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி, சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனியில் கொட்டை அள்ளினேன். பலமநேர் தக்காளி மண்டியில் பெட்டி தூக்கினேன். ராமகுப்பத்தில் பட்டுப்புழுவுக்கு இலை வெட்டினேன். இரண்டு வருஷம் லாரியில் கிளீனர். தெலுங்கை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். மண்டித் தெலுங்கு, லாரித் தெலுங்கு. அதில் எண்கள் நிறைய உண்டு. எண்ணைத் தப்பாகக் கேட்டால் அடி விழும். கடைசியில் இந்தச் சபைக்கு வந்து ஒதுங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்தான் ஜனங்களில் பாதிக்கு மேல். அவர்களுக்குத் தெலுங்கு வராது. வருகிற பேச்சாளர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நான் நின்றேன். அதற்காக மாடியில் பின்னறையில் படுத்துக்கொள்ள ஒரு பாயும், பாஸ்டர் வீட்டில் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தன. அதுவரை எனக்கு இருந்த இடங்களிலெல்லாம் அதுவே நல்ல இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து வந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடாதவர். காணிக்கை வாங்க மாட்டார், டீ கூட வாங்கிக்கொள்ள மாட்டார். ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் கண்ணை மூடி நின்றார். சபை ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது, இரண்டு மின்விசிறிகளும் கடகடத்தன, கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் ஓடியது. அவர் கண்ணைத் திறந்து மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அக்காவைப் பார்த்துக் கை நீட்டினார்.

“தல்லி, ஏடு. உபவாசமுண்டு. ப்ரார்த்திஞ்சு. நீ இண்டி நுஞ்சி ஈ தேசானிகி உஜ்ஜீவம் வஸ்துந்தி.”

நான் மூச்சு விடாமல் தமிழில் சொன்னேன். “தாயே, ஏழு நாள் உபவாசம் இரு. ஜெபம் பண்ணு. உன் வீட்டிலிருந்து இந்தத் தேசத்துக்கு எழுப்புதல் வரும்.”

சபை எழுந்து நின்றது. கடைசியில் ஒரு எண் வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்து நான்காவது கட்டத்தில் ‘ஏழு நாள்’ என்று எழுதினேன். சொன்ன வார்த்தையைச் சொன்னவர் பாஷையிலேயே எழுத வேண்டும் என்பது பாஸ்டரின் சட்டம். அன்றைக்கு நான் தமிழில் எழுதினேன்.

அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றார். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். பதினொரு மாதத்துக்கு முன் அவருடைய வீட்டுக்காரர் சென்னை ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். அடக்கம் முடிந்த நான்காம் நாள் அக்கா வேலைக்குப் போய்விட்டார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. சபையில் அதைச் சாட்சியாகச் சொல்வார்கள். ‘பாருங்க, என்னா தைரியம், என்னா விசுவாசம்.’ அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலையும் மாலையும் மாத்திரை.

அன்று அவர் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான். “தம்பி, ஏழு நாள்ன்னா தண்ணி குடிக்கலாமா?”

“தண்ணிய பத்தி அவரு ஒண்ணும் சொல்லல அக்கா.”

பாஸ்டர் குறுக்கே வந்தார். “தண்ணி குடிம்மா. மாத்திரைய மட்டும் நிறுத்தாத. மருந்த நிறுத்துன்னு சொல்ற ஊழியக்காரன் நான் கெடையாது. ஒரு வேளை கூட தப்பக் கூடாது, ஆமா.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வயிற்றில் சோறு இல்லாமல் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை அக்கா உபவாசம் இருந்தபடியே வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார். அதற்குள் செய்தி எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் ‘ஏழு நாளில் தேசத்தின் எழுப்புதல், வடமாலபேட்டையிலிருந்து’ என்று போட, அது நகரி போய், வேலூர் போய், சுற்றிக்கொண்டு எனக்கே வந்தது. குடுபல்லியிலிருந்து ஒருவர் போன் செய்தார். “பிரதர், நாங்க ரெண்டு வேன்ல வரோம். ஞாயித்துக்கெழமதான ஏழாம் நாளு?” டயர் கடைக்காரர் படியேறி வந்து, “ஆதிவாரம் ஜனம் நெறைய வஸ்தாரண்டனே? வண்டிங்க என் கடைய மறிச்சி நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று எச்சரித்துவிட்டுப் போனார். நாங்கள் திருப்பதிக்குப் போகிற அந்த ரோட்டில் சத்தம் வெளியே கேட்காமல் இருந்து பழகியவர்கள். பாஸ்டர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். ஆனால் அவர் கண்ணிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. நோட்டில் முதல் முறையாக ஒரு தேதி இருந்தது அல்லவா.

புதன்கிழமை அக்கா லீவு போட்டுவிட்டு மாடிக்கே வந்துவிட்டார். சங்கிலி ஜெபம் ஆரம்பமானது. ஒருவர் முடிக்க ஒருவர் தொடர வேண்டும். ஜெபத்துக்கு வருகிறவர்கள் போனை அணைத்து வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். அதுவும் பாஸ்டரின் சட்டம்.

அன்று மதியம் அவர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாடா இது? தமிழ்ல எழுதிக்கீற? அவரு தெலுங்குலதான சொன்னாரு?”

“அவசரத்துல எழுதிட்டேன் ஐயா.”

“திருப்பி எழுது. அவரு வாயில வந்தது வந்த மாரி.”

உட்கார்ந்தேன். ‘தல்லி’ என்று எழுதினேன். ‘ஏடு’ என்று எழுதினேன். அதற்கப்புறம் ‘ரோஜுலு’ என்று எழுதப் போனேன். ஏழு நாள் என்றால் ஏடு ரோஜுலு என்றுதான் வர வேண்டும். பேனா நின்றுவிட்டது. அவர் ரோஜுலு என்று சொன்னாரா? காதில் அந்தச் சொல் இல்லை.

ஒரு சிஸ்டர் அன்றைய கூட்டத்தைப் போனில் பதிவு செய்திருந்தார். வாங்கி என் போனில் ஏற்றிக்கொண்டேன். பின்னறையில் உட்கார்ந்து காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஏடு. அப்புறம் ஒரு நிறுத்தம். உபவாசமுண்டு. நிறுத்தம். ப்ரார்த்திஞ்சு. மூன்றும் மூன்று கல் போலத் தனித்தனியாக விழுந்தன. ரோஜுலு இல்லை.

திருப்பதிப் பக்கத்தில் ஏடு என்று சொன்னால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. ஏடு கொண்டலு, ஏழு மலை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினதிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் ஜனங்களுக்கோ ஏழு என்பது வேதத்தின் எண். படைப்பு ஏழு நாள், எதிரிப் பட்டணத்தின் மதில் விழுந்தது ஏழாம் நாள். ஆக, இந்தப் பக்கத்திலிருந்தும் ஏழு, அந்தப் பக்கத்திலிருந்தும் ஏழு. நடுவில் என் காது. ஆனால் தெலுங்கில் ஏடு என்பதற்கு வருஷம் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அது எனக்கு மண்டியிலேயே தெரியும். ‘ஒச்சே ஏடு இஸ்தா’, வருகிற வருஷம் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பாக்கியை இழுத்தடிப்பார்கள். வருஷமாக இருக்குமோ? வருஷம் உபவாசமுண்டு? அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருந்தது. அது தோன்றிய உடனே நான் போனை அணைத்து வைத்தேன்.

புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் எளிது. சொன்னால் பாயும் போகும், சோறும் போகும். அது மட்டும் இல்லை. மண்டியில் என்னை ‘ஒரேய்’ என்று கூப்பிட்டார்கள், இங்கே ‘பிரதர்’ என்கிறார்கள். வேன் ஏறி வரப்போகிறவர்களிடம் நான் காதில் தப்பாக விழுந்ததைச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். அக்கா சுவரில் சாய்ந்து, உதடு வெடித்து, மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதை இரண்டு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாஸ்டரிடம் சொந்தக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, புத்தூர் போய்ச் சித்தூர் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் ஐயா வீட்டு வாசலில் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. ரிக்கார்டைப் போட்டுக் காட்டினேன்.

“ஐயா, இது ஏடு ரோஜுலான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ரோஜுலா? ரோஜுலுன்னு நேனு எப்போ சொன்னேன்?” அவருக்குச் சித்தூர்க்காரர்களைப் போலத் தமிழும் கொஞ்சம் கலந்து வந்தது. “அந்த அம்மா மொகம் பாத்தியா நுவ்வு? மேளத்துக்கு தோல் கட்டின மாதிரி இழுத்துக் கட்டி இருந்துது. ஏடவமன்னானய்யா. ஏடு தல்லி, ஏடுன்னேன். அழுன்னு சொன்னேன்.”

நான் ரிக்கார்டை நிறுத்தினேன்.

“நுவ்வு ஏமி செப்பினாவு?”

“ஏழு நாள் உபவாசம்ன்னு சொன்னேன்.”

அவர் வேப்பங்குச்சியைத் துப்பினார். “ஏழு நாளா? பட்டினி இருக்குதா அந்த அம்மா?”

“அஞ்சாம் நாளு. சக்கர மாத்தர வேற போட்டுகினு கீறாங்க.”

“உஜ்ஜீவானிகி நம்பர் கொடுக்க நான் எவர்ரா? முப்பது வருஷம் டிக்கெட் குடுத்தேன், அதோட நம்பர் போச்சு. போ! நிக்காத, போ!” முதுகில் கை வைத்துத் தள்ளினார். ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தார், செருப்பு கூடப் போடாமல்.

பஸ்ஸில் ஏறியதும் பாஸ்டருக்குப் போன் போட்டேன். அணைத்திருந்தது. பாஸ்டர் மனைவிக்குப் போட்டேன். அதுவும் கூடையில்தான் இருந்திருக்கும். சபையில் தெரிந்த ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கூடைக்குள் செத்துக் கிடந்தன. கார்வேட்டிநகரத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் டீ குடித்தார். இரண்டாவது டீயும் வாங்கினார். நான் இறங்கிப் போய், “அண்ணா, ஒரு உயிர் விஷயம்” என்றேன். அவர் என் சட்டையையும் காலையும் பார்த்துவிட்டு, “ரோஜும் ஒருத்தன் இதே சொல்றான்” என்றார். ஆனாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

மாடிப்படி ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. எப்போதும் அடக்கிப் பாடுகிறவர்கள் அன்று அடக்கவில்லை. உள்ளே பதினைந்து பேர் முழங்காலில் வட்டமாக இருந்தார்கள். நடுவில் அக்கா. கையும் காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. புடவை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“ஆவியோட அபிஷேகம் எறங்குது பிரதர்” என்று ஒரு சிஸ்டர் என்னிடம் சொன்னார். அவருக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்தது. “காலையிலருந்து நடுங்கிகினு கீறாங்க. தீ எறங்கிடுச்சு.”

எனக்கு அந்த நடுக்கம் தெரியும். மொகிலி மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு நாள் எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இதே போல நடுங்கினார், இதே போல வேர்த்தார், சம்பந்தமில்லாமல் தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். லாரியை மலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, வெல்லத்தை உடைத்து வாயில் திணித்தேன். கால் மணியில் மனுஷனாகிவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார்.

திரும்பிக் கீழே ஓடினேன். டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கரண்டியால் கலக்கிக்கொண்டே மேலே வந்தேன். வட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, வாயத் தொற.”

அவர் பல்லை இறுக்கினார். தலையை ஆட்டினார். “ஏழு... ஏழு முடியல.”

பாட்டு நின்றது. பாஸ்டர் என் கையைப் பிடித்தார். “டேய், இன்னாடா பண்ற? பொருத்தனைடா அது. கர்த்தருக்குப் பண்ண பொருத்தனைய நீ ஒடைக்கறதா?”

“ஐயா, இது அபிஷேகம் இல்ல, சக்கர எறங்கிடுச்சு. இப்ப குடிக்கலன்னா போயிடுவாங்க. ஏழு நாள்ன்னு அவரு சொல்லவே இல்ல. நான் சொன்னது. சித்தூர் போய் அவரையே கேட்டுட்டு வரேன்.”

“ஏழாம் நாளு வர்றதுக்கு முன்ன சாத்தான் வருவான்னு சொன்னேன் இல்ல?” என்று கதவோரத்திலிருந்து ஒரு பிரதர் சொன்னார். “துன்ன வெக்கறதுக்குக் கதை கட்றான்.”

பாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். எடைமேடையில் டிரைவரைப் பார்க்கிற பார்வை. “ரிக்கார்டு கீதா?”

என் போன் மட்டும்தான் கூடையில் இல்லை. போட்டேன். மின்விசிறிச் சத்தம், ஸ்தோத்திரச் சத்தம், அதற்கு நடுவில் அந்தக் குரல். தல்லி, ஏடு. பாஸ்டர் இன்னொரு முறை போடச் சொன்னார். “ரோஜுலு இல்ல” என்று மெதுவாகச் சொன்னார்.

“அழுன்னு சொல்லிக்கீறாரு ஐயா. ஏடுன்னா அழு.”

அக்கா நம்பவில்லை. “பொய்... நான் செத்துருவேன்னு பயந்து பொய் சொல்றான் தம்பி” என்றார். நாக்கு குழறியது. நான் டம்ளரை உதட்டில் வைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் தாடையில் வழிந்து புடவையில் விழுந்தது. நான் போனை மூன்றாவது முறை போட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏடு.

அவருடைய உதடு அசைந்தது. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி இருந்தது. “ஏடவொத்து.”

“இன்னாக்கா?”

“லைன்ல... லைன்ல எல்லாரும் சொன்னாங்க. அவரு செத்து நான் வேலைக்குப் போன அன்னிக்கு. ஏடவொத்து அக்கா, ஏடவொத்து. அழாதேன்னு அர்த்தமாம். சூப்பர்வைசர் கூட சொன்னாரு. தெனமும் சொன்னாங்க.” கண் என் முகத்தைத் தேடிப் பிடித்தது. “அந்த ஏடவொத்துல இருக்கற ஏடா இது?”

“ஆமாக்கா. அதே ஏடு.”

“அழுன்னா?”

“அழுன்னுதான்.”

அவர் டம்ளரையே பார்த்தார். எனக்கு அது ஒரு வருஷமாகத் தெரிந்தது. அப்புறம் வாயைத் திறந்தார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே நடுக்கம் குறைந்துவிட்டது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா விவரம் கேட்டுவிட்டுத் தெலுங்கில் கத்தினார். சாப்பிடாமல் இந்த மாத்திரையைப் போடச் சொன்ன அறிவாளி யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பையனைப் போல. “நேனே அம்மா. நான்தான்.” அக்கா அன்றும் அழவில்லை. புது மருமகள் மாதிரி விறைத்து உட்கார்ந்து, பாஸ்டர் மனைவி ஊட்டிய இட்லியைத் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் வந்தது. நகரியிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். படியெல்லாம் ஜனம். டயர் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்து, “நீ ஏத்தின லோடு. நீயே எறக்கு” என்றார்.

இறக்கினேன். ஏழு என்று அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். நாள் என்று அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தேன். தெரிந்த பிறகும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேடையில் நிற்கும்போது என் கால்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடுபல்லிக்காரர் எழுந்தார். “அப்போ எழுப்புதல் எப்போ?”

“தேதி சொல்லலிங்க.”

“தேதி இல்லாததுக்கா ரெண்டு வேன் டீசல் போட்டுகினு வந்தோம்?” சிலர் சிரித்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். ஒரு பெரியவர் போகிற போக்கில் என் முன்னால் நின்று, “கள்ளத் தீர்க்கதரிசிய கேட்டிருக்கேன். கள்ள டிரான்ஸ்லேட்டர இப்பதான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மூன்றாவது வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். யார் பேச்சுக்கும் திரும்பவில்லை.

என்னை யாரும் அனுப்பவில்லை. பாய் அங்கேயே கிடந்தது. பாஸ்டர் நோட்டைத் திறந்து நான் எழுதியதன் மேல் ஒரே கோடு போட்டார். கீழே புதிதாக எழுதச் சொன்னார். சொன்னவர் என்ற கட்டத்தில் கண்டக்டர் ஐயா. அடித்த வரியில் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மாடிக்கு வந்தார். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தை வாங்கி அவர் கூட்ட ஆரம்பித்தார். கூட்டிக்கொண்டே சொன்னார்.

“முந்தாநேத்து காலையில கம்பெனி பஸ்ல போயிகினு இருந்தேன் தம்பி. அவரு அடிபட்ட எடம் வந்துது. தெனமும் வர்ற எடம்தான். அன்னிக்கு ஆரம்பிச்சிடுச்சு.”

“இன்னாக்கா?”

“அழுகதான். சத்தமா. டிரைவர் வண்டிய ஓரம் கட்டிட்டாரு. பஸ்ல இருக்கற பொண்ணுங்க மொத்தம் என்னச் சுத்திகினு, ஏடவொத்து அக்கா, ஏடவொத்து அக்கான்றாங்க. நான் சொன்னேன், ‘ஏடவாலி’ன்னு. அழணும்ன்னு. சரியாடா தெலுங்கு?”

“சரிதான்க்கா.”

“அதுல ஒரு பொண்ணு, ஆறு மாசமா என் பக்கத்துல நிக்கறா, பேர் கூட சரியா தெரியாது. என் தோள்ள சாஞ்சிகினு அவளும் ஆரம்பிச்சிட்டா. அவளுக்கு இன்னா கஷ்டமோ. அப்பறம் பின் சீட்ல ஒருத்தி.” குப்பையை முறத்தில் வாரினார். “கம்பெனிக்கு முக்கா மணி நேரம் லேட்டு. சூப்பர்வைசர் கத்தறான். நாங்க மூஞ்ச கழுவினு போய் நின்னோம்.”

அன்று மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஏடு என்ற இடத்தில் விரலை வைத்து, “இது நடந்துது. எழுது” என்றார். உபவாசம், ஜெபம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, “அது அவங்க பண்ணது. தேவைக்கு மேலயே” என்றார். விரல் கடைசி வாக்கியத்துக்கு வந்தது. உன் வீட்டிலிருந்து இந்தத் தேசத்துக்கு.

“பஸ் முழுக்க அழுதாங்களாம் ஐயா. அத எழுதலாமா?”

“பஸ் தேசமாடா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்தார்.

“காலியா விடு” என்றார். “ஆனா பக்கத்தத் திருப்பாத. தொறந்தே இருக்கட்டும்.”